அறிஞர் லைனஸ் பாலிங்: அணுகுண்டுச் சோதனையை எதிர்த்த அறநெஞ்சர்

எவரோடும் பகிர்ந்துகொள்ளாத இரண்டு நோபல் பரிசுகளைப் பெற்றவர் இன்றளவும் ஒருவரே. அவர் அமெரிக்க வேதியியல் அறிஞர் லைனஸ் பாலிங். முதற் பரிசு அவர்தம் அறிவாற்றலுக்குக் கிடைத்தது. இரண்டாம் பரிசோ, அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்தும் பன்னாட்டு உடன்படிக்கை வேண்டி அவர் பல்லாண்டு உழைத்தமைக்குக் கிடைத்தது. அவ்வுழைப்பின் பொருட்டு அவர் இழந்தவையும் பல.

ஆரிகன் மாநிலத்துப் போர்ட்லாந்து நகரில் 1901ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 28ஆம் நாள் பாலிங் பிறந்தார். தந்தையார் மருந்துக்கடை நடத்தியவர். பாலிங்குக்கு ஒன்பது வயதாகும்போதே மறைந்தார். வறுமை சூழ்ந்த நிலையில், கிடைத்த வேலைகளைச் செய்துகொண்டே கல்லூரிக் கல்வியை அவர் முடித்தார். மாணவராக இருந்தபோதே பாடம் நடத்தும் பொறுப்பும் அவருக்கு வாய்த்தது. அவ்வகுப்பில் பயின்ற ஏவா ஹெலன் மில்லரை 1923இல் மணந்தார். 1925இல் கலிபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, அங்கேயே பேராசிரியராகப் பணியாற்றினார். அணுக்கள் ஒன்றோடொன்று பிணையும் முறையை விளக்கி 1939இல் அவர் வெளியிட்ட நூல் வேதியியலுக்குப் புதிய அடித்தளம் இட்டது.

இரண்டாம் உலகப்போரின்போது, அணுகுண்டு உருவாகிவந்த லாஸ் அலமாஸ் ஆய்வகத்தின் வேதியியல் பிரிவுக்குத் தலைமை ஏற்குமாறு ஓப்பன்ஹைமர் அவரை அழைத்தார். பாலிங் அதனை ஏற்கவில்லை. எனினும் வெடிமருந்து முதலிய வேறு போர்க்கால ஆய்வுகளில் ஈடுபட்டு, அதற்காக அரசின் பதக்கத்தையும் பெற்றார். 1945 ஆகஸ்டில் ஹிரோஷிமாவும் நாகசாகியும் அழிந்தபின் அவர் சிந்தனை வேறு வழியில் திரும்பியது. 1946இல் ஐன்ஸ்டைன் தலைமையில் அமைந்த அணு அறிவியலாளர் குழுவில் இணைந்து, அணுப்போரின் கேட்டை மக்களிடம் எடுத்துரைக்கலானார்.

அந்நாளில் ஒரு சொற்பொழிவு முடிந்து இல்லம் திரும்பியபோது, ஏவா ஹெலன் தம் கணவரின் குறையை மறைக்காமல் சுட்டிக்காட்டினார். அறிவியலைப் பேசும்போது அவர் உரையில் உறுதி இருப்பதாகவும், அமைதியைப் பேசும்போது அவ்வுறுதி இல்லை என்றும் கூறினார். பாலிங் அதனை மெய்யெனக் கொண்டார். உலக அரசியலையும் பன்னாட்டு உறவுகளையும் கற்பதற்குத் தம் நேரத்தில் பாதியை ஒதுக்கி, பல்லாண்டுகள் அப்பயிற்சியை மேற்கொண்டார்.

மாற்றுக் கருத்துடையோரை அரசு ஐயுற்ற காலம் அது. 1952இல் இலண்டன் அறிவியல் மாநாட்டுக்குச் செல்லக் கடவுச்சீட்டு அவருக்கு மறுக்கப்பட்டது. 1954இல் வேதியியல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்ட பின்னரே தடை நீங்கிற்று.

அதே 1954ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள், பசிபிக் பெருங்கடலின் பிகினித் தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டொன்றை வெடித்தது. அதன் ஆற்றல் ஹிரோஷிமாக் குண்டைப்போல் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. தொலைவில் இருந்த ஜப்பானிய மீன்பிடிக் கப்பலின்மீது கதிரியக்கச் சாம்பல் பொழிந்தது. அதிலிருந்த 23 மீனவரும் நோயுற்றனர். அவருள் ஒருவர் செப்டம்பரில் உயிர்துறந்தார். போர் நிகழாமலே சோதனை உயிரைக் கொல்லும் என்பதை உலகம் உணர்ந்தது. வெடிப்பில் தோன்றும் ஸ்டிரான்ஷியம்-90 புல்லில் படிந்து, பசுவின் பாலில் கலந்து, அதனைப் பருகும் குழந்தைகளின் எலும்பில் தங்குகிறது. கார்பன்-14 ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நிலைத்திருந்து, இனிப் பிறக்கவிருக்கும் தலைமுறைகளையும் தாக்கவல்லது. இதனைக் கணக்கிட்டு வெளியிட்டவர்களுள் பாலிங் ஒருவர்.

1957 மே 15ஆம் நாள் செயிண்ட் லூயிஸ் நகரில் ஆற்றிய உரையைத் தொடர்ந்து, பாரி காமனர், எட்வர்டு காண்டன் என்னும் அறிஞர்களோடு கூடி விண்ணப்பம் ஒன்றை வரைந்தார். அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்தப் பன்னாட்டு உடன்படிக்கை வேண்டும் என்பதே அதன் சாரம். சில வாரங்களிலேயே இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க அறிவியலாளர் கையொப்பமிட்டனர். பாலிங்கும் ஏவா ஹெலனும் தம் இல்லத்திலிருந்தே கடிதங்கள் அனுப்பிப் பிற நாட்டாரையும் அணுகினர். 1958 ஜனவரியில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரின் கையொப்பங்களை ஐக்கிய நாடுகள் அவைப் பொதுச்செயலர் ஹாமர்ஷீல்டிடம் அளித்தனர். பின்னர் அத்தொகை 49 நாடுகளைச் சேர்ந்த பதினோராயிரத்தைக் கடந்தது.

1960 ஜூனில் அமெரிக்க மேலவையின் விசாரணைக் குழு அவரை அழைத்தது. கையொப்பமிட்டோர் பட்டியலைத் தருவதில் அவருக்குத் தயக்கமில்லை; அது முன்னரே வெளிப்படையானது. ஆயின் அவற்றைத் திரட்டித் தந்தவர் யாவர் என்று குழு வினவியபோது மறுத்துவிட்டார். தம்மை நம்பி உழைத்த இளைஞர்கள் பணியிழந்து துன்புறுவர் என்று அவர் அஞ்சினார். மறுத்தால் சிறைத்தண்டனை நேரலாம் என்பதையும் அறிந்திருந்தார். அக்டோபரில் மீண்டும் அழைத்தபோதும் அவர் நிலை மாறவில்லை. குழு மேல் நடவடிக்கை எடுக்காமல் விட்டது.

உடன்படிக்கைக்காக உழைத்தவர் அவர் ஒருவர் மட்டுமல்லர். செயிண்ட் லூயிஸில் தாய்மார், விழுந்த பால்பற்களை ஆய்வுக்கு அளித்துக் குழந்தைகளின் உடலில் நஞ்சு சேர்வதை மெய்ப்பிக்கத் துணைநின்றனர். 1961இல் பல நகரங்களில் பெண்கள் வீதியில் அணிவகுத்தனர். 1962 ஏப்ரல் 29ஆம் நாள் பாலிங் பகலில் வெள்ளை மாளிகை வாயிலில் பதாகை ஏந்தி நின்றார். அன்றிரவே நோபல் அறிஞர்களுக்குக் குடியரசுத் தலைவர் கென்னடி அளித்த விருந்தில் மனைவியோடு கலந்துகொண்டார்.

1963 ஆகஸ்ட் 5ஆம் நாள் மாஸ்கோவில் அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், பிரிட்டன் ஆகிய மூன்றும் உடன்படிக்கையில் கையொப்பமிட்டன. வான்வெளியிலும் விண்வெளியிலும் நீரடியிலும் சோதனை தடைசெய்யப்பட்டது. அது நடைமுறைக்கு வந்த அக்டோபர் 10ஆம் நாளன்றே, 1962ஆம் ஆண்டுக்குரிய அமைதிப் பரிசு பாலிங்குக்கு அறிவிக்கப்பட்டது. அவர் நாட்டு இதழ்கள் சில அதனைப் பழித்தன. நாற்பதாண்டுகள் தொடர்புகொண்டிருந்த கழகத்தைவிட்டு அவ்வாண்டே அவர் வெளியேறினார்.

உடன்படிக்கை நிலத்தடிச் சோதனையைத் தடுக்கவில்லை. குண்டுகளின் எண்ணிக்கையும் பெருகிற்று. ஆயினும் பால்பற்களில் படிந்த நஞ்சு படிப்படியாகக் குறைந்தது. 1980க்குப் பின் எந்நாடும் வான்வெளியில் அணுகுண்டைச் சோதிக்கவில்லை. ஏவா ஹெலன் 1981இல் மறைந்தார். பாலிங் 1994 ஆகஸ்ட் 19ஆம் நாள் தம் 93ஆம் வயதில் காலமானார். அணுப்படைக்கலங்களை முற்றிலும் விலக்கும் உடன்படிக்கை 2017இல் ஏற்கப்பட்டு 2021இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கும் குடிமக்கள் அமைப்புகளே பெரிதும் பாடுபட்டன. அப்படைக்கலங்களை வைத்துள்ள நாடுகள் எதுவும் அதில் இன்னும் இணையவில்லை. கடிதம் கடிதமாகக் கையொப்பம் திரட்டிய அத்தம்பதியரின் பணி நிறைவுறாமல் தொடர்கிறது.