வேதியியல் மேதை பெர்சி ஜூலியன்

அடிமைகளின் வழித்தோன்றலாகப் பிறந்து, உலகம் போற்றும் வேதியியல் அறிஞராக உயர்ந்த பெர்சி ஜூலியனின் வரலாற்றை நம் இளைஞர்களின் முன் வைக்க விரும்புகிறோம்.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், மாண்ட்கோமரி நகரில், 1899ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் நாள் அவர் பிறந்தார். அந்நகரில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்புக்கு மேல் அரசுப் பள்ளி இல்லை. ஆகவே, இண்டியானாவிலுள்ள டிபா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது, கல்லூரிப் பாடங்களோடு உயர்நிலைப் பள்ளிப் பாடங்களையும் உடன் பயில நேர்ந்தது. ஆயினும் 1920இல் வகுப்பில் முதல்வராகத் தேறினார். 1923இல் ஹார்வர்டில் முதுகலைப் பட்டம் பெற்றார். முனைவர் பட்டத்துக்கோ அங்கே அவருடைய நிறம் தடையாக நின்றது.

தாய்நாட்டில் அடைபட்ட கதவு அயல்நாட்டில் திறந்தது. ராக்பெல்லர் நிதியத்தின் உதவியோடு 1929இல் வியன்னா சென்றார். பேராசிரியர் எர்ன்ஸ்ட் ஸ்பேத்திடம் தாவர ஆல்கலாய்டுகளை ஆராய்ந்து, 1931இல் முனைவரானார். பட்டத்தோடு சிறந்த தோழமையும் கிட்டியது. அங்கு உடனிருந்த ஆய்வாளர் யோசப் பிக்கில், அவருடன் இணைந்து பணியாற்றக் கடல் கடந்து அமெரிக்கா வந்தார்.

கறுப்பரும் ஆஸ்திரியருமாகிய அவ்விருவரும் டிபா ஆய்வுக்கூடத்தில் ஒன்றாக உழைத்தனர். காலபார் அவரையிலிருந்து கிடைத்துவந்த பைசோஸ்டிக்மின் என்னும் கண் மருந்தை 1935இல் செயற்கையாக ஆக்கிக் காட்டினர். இதே பொருளைப் பற்றி ஆக்ஸ்போர்டின் புகழ்மிக்க ராபர்ட் ராபின்சன் வெளியிட்டிருந்த முடிவுகளை மறுத்து ஜூலியன் துணிந்து எழுதினார். அவர் கூற்றே சரியென நிலைபெற்றது.

அதன் பின்னும் டிபாவில் பேராசிரியர் பதவி அவருக்குக் கிட்டவில்லை. டூபாண்ட் நிறுவனம் பிக்கிலை ஏற்றது, ஜூலியனை ஏற்கவில்லை. ஒரே ஆய்வைச் செய்த இருவருக்கு இருவேறு நீதி!

அவர் சோர்ந்துவிடவில்லை. 1936இல் சிகாகோவின் கிளிடன் நிறுவனத்தில் ஆராய்ச்சிப் பொறுப்பேற்றார். சோயா எண்ணெயிலிருந்து பெற்ற பொருளைக்கொண்டு புரோஜெஸ்டிரோன் என்னும் இயக்குநீரைப் பெருமளவில் ஆக்க வழிவகுத்தார். 1950இல் ஓக் பார்க்கில் அவர் வாங்கிய வீட்டுக்குத் தீ வைத்தனர். மறு ஆண்டு வெடிகுண்டும் வீசினர். அவர் குடும்பம் அவ்வூரை விட்டு அகலவில்லை. 1953இல் சொந்த ஆய்வகம் நிறுவிக் கறுப்பின வேதியியலார் பலருக்குப் பணி அளித்தார். 1973இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகம் அவரை உறுப்பினராகத் தேர்ந்தது. 1975 ஏப்ரல் 19இல் மறைந்தார்.

அயல்நாட்டுக் கல்வி ஜூலியனுக்குப் பட்டத்தை மட்டும் தரவில்லை. திறமையை மதித்துத் தோள் கொடுக்கும் துணையையும் தந்தது. அவ்வாறு பெற்றதை அவர் தாயகத்துக்குக் கொணர்ந்து தம்மவர்க்கும் வழி திறந்தார். கடல் கடந்து கற்கச் செல்லும் நம் இளைஞர்கள் இதனை நெஞ்சில் நிறுத்துவார்களாக!