வாடகை இடமும் சொந்த இடமும்: எஸ்.எஸ். வாசன் என்ற விளம்பரக்காரர்

கல்கிசையில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் மேல்மாடியில் முல்லைத்தீவைச் சேர்ந்த தம்பி ஒருவன் இருக்கிறான். 2009இல் அவனுக்கு ஒன்பது வயது. உயர்தரம் முடித்துவிட்டுக் கொழும்புக்கு வந்தவன் ஒரு கடையில் கணக்கெழுதினான். 2021இன் கடைசியில் அந்த வேலையை விட்டுவிட்டு ஒரு மடிக்கணினியோடு அறைக்குள்ளேயே இருந்துவிட்டான். என்ன செய்கிறாய் என்று கேட்டால், மற்றவர்களின் பொருட்களுக்கு விளம்பரம் செய்து தரகு எடுக்கிறேன் என்பான்.

அந்தத் தொழிலின் முறை எளியது. வெளிநாட்டு நிறுவனம் ஒன்றில் பதிவு செய்தால் உங்களுக்கென்று ஒரு இணைப்பு தருவார்கள். அந்த இணைப்பின் வழியாக யாராவது போய்ப் பொருள் வாங்கினால் விலையில் ஒரு சிறு வீதம் உங்களுக்கு. அமேசன் இதை 1996இலேயே தொடங்கிவிட்டது. இணைப்பை இலவசமாகப் பரப்பினால் பார்ப்பவர்கள் குறைவு. அதனால் சமூக ஊடகத்தில் காசு கட்டி விளம்பரம் போடுகிறார்கள். கணக்கு இங்கேதான் கழுத்தைப் பிடிக்கிறது. 30 டொலர் பொருளுக்கு 5 வீதம் தரகு என்று வைத்துக்கொள்வோம். ஒரு விற்பனைக்கு ஒன்றரை டொலர். விளம்பரத்தை ஒருவர் அழுத்த 10 சதம் என்றால் 100 பேருக்கு 10 டொலர். அந்த 100 பேரில் 2 பேர் வாங்கினால் கிடைப்பது 3 டொலர். மிச்சம் 7 டொலர் நட்டம். விளம்பரக் காசு உடனே போய்விடும், தரகு வர வாரங்கள் ஆகும்.

தம்பி போட்ட முதல், கனடாவில் இருக்கும் அக்கா அனுப்பியது. இலங்கையில் பேபால் மூலம் பணம் பெற வழியில்லாததால் தரகும் அவளுடைய கணக்குக்கே போனது. 2022 மார்ச்சில் ரூபா விழுந்தது. 200 ரூபாவுக்குச் சற்று மேலே நின்ற டொலர் இரண்டு மாதங்களில் 360 ரூபாவைத் தொட்டது. அறை வாடகையையும் சாப்பாட்டுச் செலவையும் சமாளிக்க, விளம்பரத்துக்கு இன்னும் கூடுதலாகக் காசு போட்டான். ஒருநாள் காலையில் அவனுடைய விளம்பரக் கணக்கு முடக்கப்பட்டிருந்தது. காரணம் சொல்லப்படவில்லை. முறைப்பாட்டுப் படிவத்தை நிரப்பினான். இயந்திரம் எழுதிய பதிலே திரும்பத் திரும்ப வந்தது. போய்க் கதவைத் தட்ட ஒரு கந்தோர்கூட இல்லையே அண்ணா என்று அன்றிரவு படியில் இருந்து அழுதான்.

அந்தப் பேச்சுத்தான் எனக்கு எஸ்.எஸ். வாசனை நினைவுபடுத்தியது. எங்களில் பலருக்கு வாசன் என்றால் ஜெமினி ஸ்டூடியோ, சந்திரலேகா, ஆனந்த விகடன். எனக்கு அவர் அப்பப்பாவின் இரும்புப் பெட்டி. விகடனில் வந்த தொடர்கதைகளைக் கிழித்தெடுத்து, ஊசி நூலால் தைத்து, மட்டை போட்டு அதற்குள் வைத்திருந்தார். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு நடந்தபோது அந்தப் பெட்டியைத் தூக்க ஆளில்லை. திரும்பிப் போனபோது வீட்டுக்குக் கூரையும் இருக்கவில்லை. ஊடகக் கற்கை படித்த காலத்தில் வாசனைப் பற்றித் தேடியபோதுதான் தெரிந்தது, அவரும் தொடக்கத்தில் தம்பியைப் போல மற்றவர்களின் பொருளுக்கு விளம்பரம் செய்து தரகெடுத்த இளைஞர் என்று.

திருத்துறைப்பூண்டி சுப்பிரமணியம் சீனிவாசன் 1904இல் தஞ்சாவூர்ப் பகுதியில் பிறந்தார். சிறு வயதிலேயே தகப்பன் இறந்துவிட்டார். பிள்ளையைப் படிக்கவைக்க வேண்டும் என்று தாய் அவரைச் சென்னைக்குக் கூட்டிவந்தார். தகப்பனில்லாத பிள்ளையை ஒரு தாய் தனியே பெருநகரத்துக்குக் கொண்டுவந்து சேர்ப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதை எங்கள் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. வாசன் கல்லூரிப் படிப்பை முடிக்கவில்லை. குடும்பத்துக்கு வருமானம் வேண்டியிருந்தது. கையில் முதல் இல்லாதவருக்கு அந்தக் காலத்தில் திறந்திருந்த சில வாசல்களில் ஒன்று விளம்பரம்.

கடைகளுக்கும் கம்பனிகளுக்கும் போய் விளம்பரம் சேகரித்துப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தால் தரகு கிடைக்கும். அத்தோடு தபால் மூலம் பொருள் விற்கும் வியாபாரத்தையும் அவர் நடத்தினார். பத்திரிகையில் இடம் வாங்கிப் பொருளைப் பற்றி எழுத வேண்டும். படித்த ஒருவர் தபாலட்டை போடுவார். பொருள் வி.பி.பி.யில் போகும். தபால்காரர் பொதியைக் கொண்டுபோய்க் கொடுத்துக் காசு வாங்குவார், அந்தக் காசு தபால் கந்தோர் வழியாக விற்றவருக்கு வந்து சேரும். இன்றைக்கு வீட்டுக்குப் பொருள் வந்தபின் காசு கொடுக்கிறோமே, அதன் பாட்டன் அதுதான். எந்தப் பத்திரிகையில் போட்டால் எத்தனை கடிதம் வருகிறது, எந்தச் சொல்லுக்கு ஆட்கள் அசைகிறார்கள் என்பது விற்பவருக்கு அந்தத் தபாலட்டைகளிலேயே தெரிந்துவிடும். தம்பி இரவிரவாகக் கணினித் திரையில் பார்த்த எண்களும் அவைதான்.

வாசன் விளம்பரம் கொடுத்துவந்த பத்திரிகைகளில் ஒன்று ஆனந்த விகடன். பூதூர் வைத்தியநாதையர் 1926 பெப்ரவரியில் தொடங்கிய மாத இதழ் அது. 1927 டிசம்பர் இதழ் பணக் கஷ்டத்தால் வெளிவரவில்லை. விளம்பரம் கொடுத்திருந்த வாசன் என்ன நடந்தது என்று விசாரிக்கப் போனார் என்றும், பத்திரிகையை நடத்த முடியாத நிலை என்று அறிந்ததும் அதைத் தானே வாங்கிக்கொள்வதாகச் சொன்னார் என்றும் சொல்லப்படுகிறது. பெயருக்குத்தான் விலை. எழுத்துக்கு 25 ரூபாவாக எட்டு எழுத்துக்கு 200 ரூபா. 1928 பெப்ரவரியில் விகடன் வாசனின் பத்திரிகையாக வெளிவந்தது. அவருக்கு அப்போது வயது 24.

இந்த இடத்தைத்தான் நான் தம்பிக்குத் திரும்பத் திரும்பச் சொன்னேன். விளம்பரக்காரன் என்பவன் வாடகைக் குடி. பத்திரிகை நின்றால் அவன் வியாபாரமும் நிற்கும், பத்திரிகைக்காரர் விலையைக் கூட்டினால் அவன் இலாபம் கரையும். வாசன் அந்த ஒரு மாதத்தில் கற்றுக்கொண்டது இதுதான் என்று நினைக்கிறேன். பொருளை விற்பதைவிட, பொருளைப் பற்றிக் கேட்க ஆட்கள் கூடும் இடம் பெறுமதியானது. அந்த இடத்தை அவர் சொந்தமாக்கிக்கொண்டார். காணியை விட்டு ஓடி, முகாமிலும் உறவினர் வீட்டிலும் வாடகை அறையிலும் வாழ்ந்த எங்களுக்கு இரவல் நிலம் எப்படிப்பட்டது என்று தெரியும். ஆனால் தொழில் என்று வரும்போது அதை மறந்துவிடுகிறோம்.

வாங்கிய பத்திரிகையை வாசன் விளம்பரக்காரனின் கண்ணோடுதான் நடத்தினார். நகைச்சுவையும் கேலிச்சித்திரமும் முன்னுக்கு வந்தன. மாலி வரைந்தார். கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தியும் பிறகு தேவனும் விகடனை வீட்டுக்கு வீடு கொண்டுபோனார்கள். மாத இதழ் வார இதழானது. கல்கி பிரிந்துபோய் 1941இல் தன் பெயரிலேயே பத்திரிகை தொடங்கிய பிறகும் விகடன் விழவில்லை. கடல் கடந்து இலங்கைக்கும் வந்தது. 1970களில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதிக்கு இங்கே கட்டுப்பாடு வந்தபோது எங்கள் வீட்டுப் பெரியவர்கள் பழைய இதழ்களையே மாறி மாறி வாசித்தார்களாம்.

வாசனை வெறும் நல்லவராக மட்டும் எழுதினால் அது பொய்யாகிவிடும். 1930களில் விகடனின் விற்பனையை உயர்த்தியவற்றில் குறுக்கெழுத்துப் போட்டியும் ஒன்று. பரிசுத் தொகைக்காக ஆட்கள் பத்திரிகையை வாங்கினார்கள். அது சூதாட்டத்தின் தம்பி என்ற கண்டனமும் எழுந்தது. இத்தகைய பரிசுப் போட்டிகள் இந்தியா முழுவதும் பெருகியதால் 1955இல் அவற்றைக் கட்டுப்படுத்த இந்திய அரசு தனிச் சட்டமே கொண்டுவந்தது. அந்தக் காலப் பத்திரிகைகளைப் புரட்டினால் லேகியமும் கூந்தல் தைலமும் அதிர்ஷ்ட மோதிரமும் பக்கம் பக்கமாக வாக்குறுதி கொடுக்கும். இல்லாதவரின் ஆசையை வைத்துக் காசு பண்ணுவது விளம்பரத்தின் பழைய நோய். இன்று வீட்டிலிருந்தே மாதம் இலட்சக்கணக்கில் உழைக்கலாம் என்று கிளிநொச்சியில் நுண்கடனோடு போராடும் ஒரு பெண்ணின் கைத்தொலைபேசியில் வந்து நிற்கும் விளம்பரமும் அதே நோய்தான். தம்பிக்கு இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்ததும் அப்படியொரு விளம்பரம். காசு கட்டிய வகுப்பு அது. சம்பாதித்தது வகுப்பு நடத்தியவர்.

வாசன் எழுதிய சதி லீலாவதி என்ற கதை விகடனில் தொடராக வந்து 1936இல் படமானது. எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய அந்தப் படத்தில்தான் எம்.ஜி.ஆர். முதன்முதலாகத் திரையில் தோன்றினார். குடியால் கெட்டு, கொலை செய்துவிட்டதாக நம்பி ஓடும் கதாநாயகன் போய்ச் சேரும் இடம் இலங்கைத் தேயிலைத் தோட்டம். அங்கே கூலியாக உழைக்கிறான். மலையகத் தமிழரின் வியர்வை தமிழ்ச் சினிமாவுக்குள் அவ்வளவு முன்பே, ஒரு விளம்பரக்காரரின் கதை வழியாக வந்திருக்கிறது.

பிறகு சினிமா. முதலில் மற்றவர்களின் படங்களை விநியோகித்தார். அதுவும் ஒருவகைத் தரகுதான். 1940களின் தொடக்கத்தில், தீயில் சேதமடைந்து ஏலத்துக்கு வந்த ஸ்டூடியோ ஒன்றை வாங்கி ஜெமினி என்று பெயரிட்டார். இங்கேயும் அதே பழக்கம். அடுத்தவரின் பொருளில் தொடங்கி, இடத்தைச் சொந்தமாக்குவது.

சந்திரலேகாவின் கதை விளம்பரம் செய்யும் எல்லோரும் அறியவேண்டியது. 1943இல் மங்கம்மா சபதம் வெற்றி பெற்றதும் அடுத்த படம் சந்திரலேகா என்று வாசன் பெரிதாக விளம்பரம் செய்துவிட்டார். அப்போது கையில் கதை இல்லை. நிராகரித்த ஒரு கதையில் இருந்து பிடித்துப்போன பெண் பெயர் மட்டும் இருந்தது. பெயரை விற்றாயிற்று, பொருளைச் செய்ய வேண்டும். ஏறத்தாழ ஐந்து வருடங்கள் போயின. செலவு 30 இலட்சம் ரூபா அளவுக்குப் போனது. சொத்துகளை ஈடு வைத்துக் கடன் வாங்கினார். இயக்குநர் விலகியபோது தானே இயக்கினார். 1948 ஏப்ரலில் தமிழில் வந்த படத்துக்குக் கூட்டம் கூடியும் போட்ட முதல் திரும்பவில்லை. அவர் சுருண்டுவிடவில்லை. சில காட்சிகளைப் புதிதாக எடுத்து, அதே வருட டிசம்பரில் இந்தியில் வெளியிட்டார். இந்தியா முழுவதும் அதுவரை காணாத அளவுக்கு விளம்பரம் செய்தார். முரசு நடனத்தைப் பார்க்க வடக்கே ஆட்கள் திரண்டார்கள். தென்னிந்தியப் படங்களுக்கு வடக்கில் வாசல் திறந்த படம் என்று இன்றும் அது பேசப்படுகிறது.

விளம்பரம் பொருளுக்கு முன்னால் ஓடிவிட்டால் ஓடிப் பிடிக்கும் கடமை விளம்பரம் செய்தவனுக்கு இருக்கிறது. வாசன் வீட்டை ஈடு வைக்கும் நிலை வந்தும் அந்தக் கடமையைச் செய்தார். தம்பிக்கு அந்த வாய்ப்பே இருக்கவில்லை. அவன் விற்ற பொருளை அவன் கண்ணால் கண்டதில்லை. வாங்கியவர் யாரென்றும் தெரியாது. நல்லதா கெட்டதா என்று யாரும் அவனிடம் வந்து கேட்கவும் மாட்டார்கள்.

ஜெமினியில் விளம்பரத்துக்கும் செய்தித் தொடர்புக்கும் தனிப் பிரிவு இருந்தது. எழுத்தாளர் அசோகமித்திரன் இளைஞனாக அங்கே வேலை பார்த்தவர். பத்திரிகைகளில் வரும் செய்திகளை வெட்டிக் கோப்பில் சேர்ப்பது அவருடைய வேலை. பின்னாளில் அந்த வருடங்களை அவர் ஒரு புத்தகமாகவே எழுதினார். ஊர் என்ன சொல்கிறது என்று கேட்டுக்கொண்டே இருக்கும் பழக்கத்தை, தபாலட்டைக் காலத்தில் தொடங்கிய வாசன் கடைசிவரை விடவில்லை என்பதற்கு அந்த வெட்டுத் துண்டுகள் சாட்சி. 1964இல் மாநிலங்களவை உறுப்பினரானார். 1969இல் பத்மபூஷண் கிடைத்தது. அதே வருடம் ஓகஸ்டில் இறந்தார். இன்று அந்த ஸ்டூடியோ இல்லை. அது நின்ற சந்தியின் மேம்பாலத்தைச் சென்னை மக்கள் இன்னும் ஜெமினி மேம்பாலம் என்கிறார்கள். விகடன் இருக்கிறது.

வாசனின் காலத்துக்கும் எங்கள் காலத்துக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. 200 ரூபாவுக்கு ஒரு பத்திரிகையின் பெயரை அவரால் வாங்க முடிந்தது. ஒரு சமூக ஊடகத்தை எங்களில் யாராலும் வாங்க முடியாது. இதழ் வராதபோது விசாரிக்க அவருக்கு ஓர் ஆசிரியர் இருந்தார். எங்களுக்கு இருப்பது ஒரு படிவம். அவர் தரகனாகத் தொடங்கிய ஊரில் யாரும் குண்டு போடவில்லை. ஆகவே அவரைப் போல் வா என்று ஒரு முல்லைத்தீவுப் பிள்ளைக்குச் சொல்வது நியாயமில்லை. ஆனால் அவர் செய்ததில் சிறிதாகச் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. உன்னிடம் வாங்கியவர் யார் என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பெயர்ப் பட்டியல் உன் கையில் இருக்க வேண்டும்.

தம்பி அக்காவின் கடனில் பாதியை இன்னும் கொடுத்து முடிக்கவில்லை. காலையில் வெள்ளவத்தையில் ஒரு கடையில் வேலை. பின்னேரம், ஊரில் அவனுடைய சித்தியும் பக்கத்து வீட்டுப் பெண்களும் செய்து அனுப்பும் ஒடியல் மாவும் பனங்கட்டியும் மிளகாய்த்தூளும் தரகுக்கு விற்கிறான். முகநூலில் எப்போதாவது 1,000 ரூபாவுக்கு விளம்பரம் போடுவான். அதைப் பார்த்து யாராவது வாங்கினால் பெயரையும் இலக்கத்தையும் ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதிக்கொள்கிறான். யாருக்கு உறைப்புக் கூட வேண்டும், யாருக்கு நீரிழிவு என்று பக்கத்திலேயே குறிப்பு. சென்ற கிழமை எண்ணிப் பார்த்தோம். 140 பெயர் இருந்தது. கணினி திருட்டுப்போனாலும் கணக்கு முடங்கினாலும் இது இருக்கும் என்று சொல்லி, அந்தக் கொப்பியை அவன் தன் பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டைப் பிரதியும் இருக்கும் பையிலேயே வைத்தான். ஓட வேண்டி வந்தால் முதலில் தூக்கும் பை அது.