மாடியறைக்குக் குரல் தந்த ஜீன் ரீஸ்

ஆங்கில இலக்கியம் பயிலும் நம் மாணவர்களுள் ‘ஜேன் அயர்’ புதினத்தை அறியாதார் சிலரே. சார்லட் பிராண்டி அம்மையார் 1847-இல் வெளியிட்ட அந்நூலில், ராச்செஸ்டரின் முதல் மனைவி மாடியறையில் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறாள். ஜமைக்காத் தீவிலிருந்து வந்தவள் அவள். சிரிக்கிறாள், கடிக்கிறாள், இறுதியில் வீட்டிற்குத் தீ வைத்து மடிகிறாள். ஆனால் நூல் முழுவதிலும் தன் கதையைச் சொல்ல அவளுக்கு வாய்ப்பே இல்லை. அவளுடைய கடந்த காலத்தை நாம் அறிவதெல்லாம் கணவன் வாய்மொழியாகத்தான். இது நீதியாகுமா என்று கேட்டவர் ஜீன் ரீஸ் அம்மையார்.

இவர் 1890 ஆகஸ்டு 24-ஆம் நாள் மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றான டொமினிக்காவில், ரோசோ நகரில் பிறந்தார். தந்தை வேல்சு நாட்டு மருத்துவர். தாயோ தலைமுறைகளாகத் தீவிலேயே வாழ்ந்த வெள்ளையர் குடும்பத்தவர். அவருடைய முன்னோர் தோட்டமும் அடிமைகளும் உடையவராய் இருந்தவர்கள். இச்செய்தியை மறைத்துவிட்டு இவரைப் போற்றுவதில் பொருளில்லை. தீவின் கறுப்பு மக்களுக்கு இவர் எசமானர் வீட்டுப் பெண். இங்கிலாந்து மக்களுக்கோ காலனியிலிருந்து வந்த அயலார்.

1907-இல், பதினாறாம் வயதில், இங்கிலாந்து சென்றார். நாடகப் பள்ளியில் இவருடைய தீவுப் பேச்சொலியே தடையாயிற்று. ஊர் ஊராகச் செல்லும் நாடகக் குழுவில் கூட்டத்தோடு ஆடிப்பாடிப் பிழைத்தார். பின் பாரிசில் போர்டு மேடாக்ஸ் போர்டின் ஆதரவால் எழுத்துலகில் நுழைந்து, 1927 முதல் 1939 வரை ஐந்து நூல்கள் தந்தார். அதன்பின் நெடுங்காலம் மௌனம், வறுமை, மது. இறந்தே போனார் என்று பலரும் எண்ணினர். 1949-இல் செல்மா வாஸ் டயஸ் என்னும் நடிகை இதழில் விளம்பரம் கொடுத்துத்தான் இவரைக் கண்டுபிடித்தார்!

1966-இல் வெளிவந்த ‘வைடு சர்காசோ சீ’யில், மாடியறைப் பெண் அந்துவானெத் என்னும் பெயரோடு வருகிறாள். முதற்பகுதியில் தன் இளமையை அவளே சொல்கிறாள். அடிமைமுறை ஒழிந்த பின் சீரழிந்த தோட்ட வீடு, அதைக் கொளுத்தும் கூட்டம், உடன் விளையாடிய கறுப்புச் சிறுமி எறிந்த கல் எல்லாம் அவள் கண்வழியே நமக்குத் தெரிகின்றன. இரண்டாம் பகுதியில் சொல்பவன் கணவன். அவளுக்குப் புகலாயிருந்த அதே காடும் மலையும் அவனுக்குப் பகையாய்த் தோன்றுகின்றன. மாறியது காடன்று, சொல்லும் வாய். இடையில் கதை சிறிது நேரம் அவள் கைக்கு வந்து, மீண்டும் அவனிடம் போகிறது. அவளுக்குப் பெர்த்தா என்று வேறு பெயர் சூட்டும் அவனுக்கு, இந்நூலில் ஓரிடத்தும் பெயரில்லை என்பது கருதத்தக்கது.

பழிவாங்க எண்ணியிருந்தால் ஆசிரியர் அவனைப் பேசவே விட்டிருக்க மாட்டார். பேசவிட்டதால், பணத்திற்காகத் தந்தையால் மணம் முடித்து வைக்கப்பட்ட இளைய மகனின் அச்சமும் நமக்குப் புலனாகிறது. நூலின் பெருமை இதில்தான் உள்ளதென்பேன்.

ஆயினும் ஒரு குறை. கிறிஸ்டோபின் என்னும் கறுப்புப் பெண், கணவனை நேர்நின்று கேள்வி கேட்கும் வீரம் மிக்கவள். அவளுக்குக் கதை சொல்லும் பகுதி ஒன்றேனும் இல்லை. வெள்ளைத் தோட்டக்காரர் வழிவந்தவரின் எழுத்து தீவின் பெரும்பான்மை மக்களுக்காகப் பேச இயலுமா என்று பார்படாஸ் கவிஞர் கமாவ் பிராத்வெயிட் 1974-இல் ஐயம் எழுப்பினார். அந்த ஐயத்தை எளிதில் தள்ளிவிட முடியாது.

எழுபத்தாறாம் வயதில் வந்த புகழை, மிகவும் தாமதமாக வந்ததென்றே இவர் கருதினார். டொமினிக்கா 1978 நவம்பர் 3-இல் விடுதலை பெற்றபோது டெவன் மாவட்டச் சிற்றூர் ஒன்றில் வாழ்ந்து வந்தார். இளமையில் நீங்கிய தீவை 1936-இல் ஒரு முறை சென்று கண்டதோடு சரி. 1979 மே 14-இல் மறைந்தபோது, தீவின் இளமை நினைவுகளைக் கூறும் தன்வரலாறு முற்றுப்பெறாமல் நின்றது.