திரைப்பட ஆய்வின் முன்னோடி திவான் பகதூர் ரங்காச்சாரியார்

சதுரங்கப்பட்டினத்தின் வரலாற்றை ஆராய்வோர் டச்சுக் கோட்டையையும் கல்லறை எழுத்துகளையும் தவறாமல் நாடுவர். அக்கடற்கரையில் வாழும் மக்கள் எத்திரைப்படங்களைக் கண்டனர், அவற்றால் என்ன பெற்றனர் என வினவுவோர் அரியர். திரைப்படத்தைப் பார்ப்போர் பலர், பழிப்போரும் பலர், ஆராய்வோர் சிலரே. அச்சிலருள் முதல்வராக வைத்து எண்ணத்தக்கவர் திவான் பகதூர் டி. ரங்காச்சாரியார் (1865–1945).

சென்னையில் வழக்கறிஞராகப் புகழ்பெற்ற அவர், மத்திய சட்டசபையின் உறுப்பினராகவும் விளங்கினார். அது ஊமைப்படக் காலம். இந்தியாவில் காட்டப்பெற்ற படங்களுள் பெரும்பாலானவை அமெரிக்கப் படங்கள். அவை மக்களின் ஒழுக்கத்தைக் கெடுக்கின்றன, ஐரோப்பியரின் மதிப்பைக் குலைக்கின்றன என்னும் குற்றச்சாட்டு எழுந்தது. அவற்றை விலக்கிப் பிரிட்டிஷ் பேரரசின் படங்களைப் பரப்பும் விருப்பமும் அதனோடு கலந்திருந்தது. இந்நிலையில் அரசு 1927 அக்டோபரில் இந்தியத் திரைப்பட விசாரணைக் குழுவை அமைத்து, ரங்காச்சாரியாரைத் தலைவராக்கியது. இப்ராகிம் ஹாரூன் ஜாபர், கே.சி. நியோகி ஆகிய இந்தியரும் ஐரோப்பியர் மூவரும் உறுப்பினராயினர்.

தீர்ப்பை முன்கூட்டியே எழுதிவிட்டுச் சான்று தேடும் வழக்கம் அவரிடம் இல்லை. குழு 4,325 வினாநிரல்களை அனுப்பியது. பம்பாய், கராச்சி, லாகூர், கல்கத்தா, சென்னை, ரங்கூன் எனப் பல நகரங்களுக்குச் சென்று 353 பேரை நேரில் விசாரித்தது. படத் தயாரிப்பாளர், கொட்டகை உரிமையாளர், தணிக்கையாளர், கல்வியாளர் எனப் பல திறத்தாரும் பல சமயத்தாரும் சாட்சியம் அளித்தனர். தாம் திரைப்படமே பார்த்ததில்லை என்றும், அதன் தீமை வெளிப்படை என்றும் எழுதிய காந்தியடிகளின் மடலும் சான்றுகளுள் ஒன்றாக இடம்பெற்றது. மாறுபட்ட கருத்துகளுக்கும் அக்குழு இடமளித்தது என்பதற்கு இதுவே சான்று.

1928இல் அறிக்கை வெளிவந்தது. திரைப்படத்தால் ஒழுக்கம் பெரிதும் சீர்குலைந்தது என்னும் கூற்றுக்குப் போதிய ஆதாரம் இல்லை என அது கண்டது. பேரரசுப் படங்களுக்குத் தனிச்சலுகை வேண்டியதில்லை எனவும், இந்தியப் படத்தொழிலுக்கு அரசு கடனுதவி செய்ய வேண்டும் எனவும் பரிந்துரைத்தது. ஆட்சியாளர் எதிர்பார்த்த விடை அதுவன்று. பரிந்துரைகள் கிடப்பில் போடப்பெற்றன. ஆயினும் நான்கு தொகுதிகளாக அச்சேறிய சாட்சியங்கள் அழியவில்லை. தியடோர் பாஸ்கரன் முதலான பிற்கால ஆய்வாளர்க்கு அவை கருவூலமாயின.

ரங்காச்சாரியாரின் முடிவுகள் அனைத்தையும் நாம் ஏற்கவேண்டுவதில்லை. குழுவினர் கேட்டவை பெரும்பாலும் நகரத்துக் குரல்களே. கடலோரக் குப்பத்து மீனவப் பெண்ணின் குரல் அத்தொகுதிகளில் ஒலிக்கவில்லை. அக்குறையை நிறைவு செய்வது நம் மாணவர் கடமை. சமயப்பற்று மிக்க நம்மிடையே திரைப்படம் குறித்த தயக்கம் இயல்பே. எனினும், ஒன்றை விலக்குவதாயினும் ஏற்பதாயினும் உசாவி அறிந்து செய்தலே அறிவுடைமை. சதுரங்கப்பட்டினத்திற்குச் செல்லும் நம் மாணவர், கோட்டையின் கற்களைப் படித்தபின், கரையில் வலை பின்னுவோரிடமும் சற்றே அமர்ந்து செவிசாய்ப்பாராக. ரங்காச்சாரியார் தொடங்கிய பணி அங்கே தொடரும்.