கன்னங்கரா: பல்கலைக்கழகக் கட்டணத்தை இல்லாமல் செய்தவர்

உயர்தரப் பெறுபேறு வந்து, பல்கலைக்கழக அனுமதியும் கிடைத்துவிட்டால், வன்னியில் ஒரு குடும்பம் அடுத்து யோசிப்பது அறை வாடகை, சாப்பாடு, பஸ் காசு, மடிகணினி பற்றித்தான். மகாபொல எப்போது வரும் என்பதும் ஒரு கவலை. படிப்புக்கு எவ்வளவு கட்டணம் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. அரச பல்கலைக்கழகத்தில் அப்படியொரு கட்டணம் இல்லாமல் போவதற்கு முக்கிய காரணமாக இருந்தவருக்குப் பல்கலைக்கழகப் படிப்பு வாய்க்கவில்லை.

சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா 1884 ஒக்டோபர் 13ஆம் திகதி அம்பலாங்கொடைப் பகுதியில் பிறந்தார். அங்கிருந்த வெஸ்லியன் பாடசாலையில் படித்தார். ஒரு பரிசளிப்பு விழாவுக்குக் காலி றிச்மண்ட் கல்லூரி அதிபர் டரல் பாதிரியார் வந்திருந்தார். ஒரே சிறுவன் திரும்பத் திரும்ப மேடைக்கு வந்து பரிசு வாங்குவதைக் கண்ட அவர், இவற்றை வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டு வண்டிதான் பிடிக்க வேண்டும் என்று பகிடி பண்ணினாராம். பகிடியோடு அவர் நிற்கவில்லை. தங்குமிடம், சாப்பாடு, படிப்பு எல்லாவற்றையும் உள்ளடக்கிய புலமைப்பரிசிலில் அந்தச் சிறுவன் றிச்மண்டுக்குப் போனான்.

அந்த உதவி எவ்வளவு பெரியது என்பதை விளங்கிக்கொள்ள அக்காலப் பாடசாலைகளைப் பார்க்க வேண்டும். சிங்களத்திலும் தமிழிலும் படிப்பிக்கும் பாடசாலைகளில் கட்டணம் இல்லை. ஆனால் அங்கே படித்தவர் ஊரைத் தாண்டி அதிக தூரம் போக முடியாது. அரச உத்தியோகம், சட்டம், வைத்தியம் எல்லாம் ஆங்கிலப் பாடசாலையின் வழியாகத்தான். அதற்குக் காசு வேண்டும். பிள்ளை கெட்டிக்காரனா என்பதைவிடத் தகப்பனிடம் காசு இருக்கிறதா என்பதே முதற் கேள்வியாக இருந்தது.

றிச்மண்டில் படித்து முடித்த கன்னங்கரா ஆசிரியராக வேலை செய்தார். பிறகு சட்டம் படித்து 1910இல் காலியில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கினார். 1911இல் படித்த இலங்கையர் தொகுதிக்கான தேர்தலில் பொன்னம்பலம் இராமநாதனுக்காக வேலை செய்தார். 1923இல் சட்டசபைக்கும், 1931இல் அரசாங்க சபைக்கும் தெரிவானார். கல்வி அமைச்சராக 16 ஆண்டுகள், 1947 வரை இருந்தார். தமிழர் ஒருவர்கூட இல்லாமல் 1936இல் அமைந்த அமைச்சரவையிலும் அவர் இருந்தார். தமிழ் வாசகர் அதை மறக்க வேண்டியதில்லை. என்றாலும் அவருடைய கல்வி வேலையின் பயன் நமது ஊர்களுக்கும் வந்து சேர்ந்தது என்பதும் உண்மை.

இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல் உருவானது அவரது காலத்தில். 1940களில் மத்திய பாடசாலைகள் எழுந்தன. நகரத்துக் கல்லூரிகளில் இருந்த ஆய்வுகூடம், நூலகம், விடுதி போன்றவை கிராமப்புறத்துக்கும் போயின. கெட்டிக்காரப் பிள்ளைகளைத் தெரிந்தெடுக்க ஒரு பரீட்சையும் வந்தது. இன்று தாய்மாரின் நித்திரையைக் கெடுக்கும் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையின் தொடக்கம் அதுதான். ஏழைப் பிள்ளைக்கு விடுதிச் சாப்பாட்டோடு படிப்புக் கொடுக்க வந்த பரீட்சை, ரியூசனுக்குக் காசு கட்டக்கூடியவர்களின் போட்டியாக மாறியதைப் பார்த்தால் அவர் என்ன நினைப்பாரோ.

அவர் தலைமையிலான விசேட குழுவின் அறிக்கை 1943இல் வெளியானது. மறு ஆண்டு அரசாங்க சபையில் நீண்ட விவாதம் நடந்தது. கட்டணம் வாங்கிய பாடசாலைகளின் நிர்வாகங்களும் வசதி படைத்தவர்களில் ஒரு பகுதியினரும் எதிர்த்தார்கள். இந்தச் செலவை நாடு தாங்காது என்றார்கள். கன்னங்கரா விட்டுக்கொடுக்கவில்லை. 1945 ஒக்டோபர் 1 முதல், பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. ஆரம்ப வகுப்புகளில் தாய்மொழிக் கல்வியும் அதோடு சேர்ந்தே வந்தது.

அந்தக் காலத்து மத்திய பாடசாலைகளில் ஒன்று மட்டக்களப்பு வந்தாறுமூலையில் இருந்தது. 1981இல் அந்த வளாகத்தில்தான் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கி, பின்னர் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. 1990 செப்டெம்பர் 5ஆம் திகதி, அங்கே அகதிகளாகத் தங்கியிருந்தவர்களில் 158 பேரை இராணுவம் கொண்டுபோனது. அவர்கள் திரும்பவில்லை. ஆனாலும் அதே வளாகத்துக்குப் பிள்ளைகள் தொடர்ந்து படிக்கப் போனார்கள். இடம்பெயரும்போது நம் சனம் காணி உறுதியோடு பரீட்சைச் சான்றிதழையும் ஒரே பையில் வைத்துக் காப்பாற்றியதை நினைத்தால் இது ஆச்சரியமில்லை. காணியும் வள்ளமும் போன வீட்டில் பிள்ளையின் பட்டம் ஒன்றுதான் மீண்டும் எழும்ப வழி.

கன்னங்கரா திறந்த கதவு எல்லோருக்கும் ஒரே அளவில் திறக்கவில்லை. மலையகத்தின் தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களில்தான். அதே ஆண்டுகளில் தரப்படுத்தல் வந்து, பல தமிழ் மாணவருக்குப் பல்கலைக்கழக வாசல் குறுகியது. கட்டணத்தை நீக்கினால் மட்டும் போதாது என்பதை நமது தலைமுறைகள் பட்டுத்தான் அறிந்தன.

1947 தேர்தலில் மத்துகமையில் போட்டியிட்ட கன்னங்கரா தோற்றார். பிறகு இந்தோனேசியாவுக்கு இலங்கையின் பிரதிநிதியாக அனுப்பப்பட்டார். 1952இல் அகலவத்தையில் வென்று திரும்பி வந்தபோது அவருக்குக் கிடைத்தது உள்ளூராட்சி அமைச்சு. கல்வி அமைச்சு வேறொருவரிடம் போயிருந்தது. 1956இல் அரசியலிலிருந்து ஒதுங்கினார். அவரிடம் பெரிய சொத்து எதுவும் சேர்ந்திருக்கவில்லை. முதுமையில் செலவுக்குத் தட்டுப்பட்டபோது அரசாங்கம் ஒரு தொகையும் மாதாந்தக் கொடுப்பனவும் கொடுத்தது. 1969 செப்டெம்பர் 23ஆம் திகதி, தனது 84ஆவது வயதில் காலமானார்.