‘என்க’, ‘இங்கு’... கோடிங்கில் இரண்டும் ஒன்றுதான் என்று காட்டிய பீட்டர் லாண்டின்: யார் இவர்?

புதுச்சேரியில் ஆட்டோவில் ஏறி ‘காந்தி சிலை’ என்றால் போதும், கடற்கரைச் சாலையில் இறக்கிவிடுவார்கள். சென்னையில் அதே பெயரைச் சொன்னால் மெரினா. பெயர் ஒன்று, இடத்துக்கு ஏற்ப பொருள் வேறு. புரோகிராமிலும் இதே கதைதான். ஒரு பகுதிக்குள் மட்டும் செல்லுபடியாகும்படி ஒரு மதிப்புக்குப் பெயர் வைப்பதை ‘லோக்கல் பைண்டிங்’ என்பார்கள். அந்த எல்லை தெளிவாக இல்லாவிட்டால் தவறான மதிப்பு உள்ளே வந்து கணக்கே மாறிவிடும். இதை எழுதும் முறைக்கு வழிகாட்டியவர் பீட்டர் லாண்டின்.

1930-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படித்தார். 1960 முதல் 1964 வரை கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சியின் உதவியாளர். அலோன்சோ சர்ச்சின் லாம்டா கால்குலஸ் என்ற கணித முறையைக் கொண்டே புரோகிராமிங் மொழிகளை விளக்கலாம் என்று காட்டினார்.

‘லெட்’ - ‘வேர்’: என்ன வித்தியாசம்?

பள்ளிக் கணக்கில் ‘விலை = 40 என்க’ என்று முதலில் சொல்லிவிட்டு, ‘விலை × 3’ என்று போடுவோம். இது ‘லெட்’. அல்லது ‘செலவு = விலை × 3; இங்கு விலை = 40’ என்போம். இது ‘வேர்’. முதலாவதில் பெயர் முன்பே அறிமுகமாகிவிடும். இரண்டாவதில் முக்கியமான விஷயம் முதலில் வரும், விவரம் பின்னால். ஆனால் உள்ளுக்குள் இரண்டும் ஒன்றே: ஒரு ஃபங்ஷனிடம் 40-ஐக் கொடுப்பதுதான். மற்றதெல்லாம் படிப்பவரின் வசதிக்கு. இப்படிப்பட்ட வசதிக்கு ‘சின்டாக்டிக் ஷுகர்’, அதாவது சர்க்கரைப் பூச்சு என்ற பெயரும் லாண்டின் தந்ததே.

ஓடாத மொழி

1966-ல் ‘அடுத்த 700 புரோகிராமிங் மொழிகள்’ என்ற கட்டுரையில் ‘இஸ்விம்’ என்ற மொழியை முன்வைத்தார். வரியை எவ்வளவு உள்ளே தள்ளி எழுதுகிறோம் என்பதை வைத்தே ஒரு பகுதியின் எல்லையைச் சொல்லலாம் என்றார். அந்த விதிக்கு ஃபுட்பாலில் இருந்து ‘ஆஃப்சைடு’ என்று பெயர் வைத்தார்.

இஸ்விம் புழக்கத்துக்கு வரவில்லை. ஆனால் ஹாஸ்கெல் மொழியில் ‘லெட்’, ‘வேர்’ இரண்டும் உண்டு. பிரான்ஸில் உருவான ஓகேமல் ‘லெட்’டோடு நிறுத்திக்கொண்டது. பைத்தானிலும் வரியைத் தள்ளி எழுதுவதுதான் எல்லை.

பின்னாளில் லண்டன் குயின் மேரி கல்லூரியில் பேராசிரியரானார். அணு ஆயுத எதிர்ப்புப் போராட்டத்தில் கைதானார். 1970-களில் பால்புதுமையினர் உரிமை இயக்கத்தில் பங்கேற்றார். கம்ப்யூட்டர் பெருநிறுவன லாபத்துக்கும் மக்களைக் கண்காணிக்கவும் துணைபோகிறது என்ற வருத்தம் கடைசிக் காலத்தில் அவருக்கு இருந்தது. 2009 ஜூனில் காலமானார். கோடில் ‘லெட்’ என்று டைப் செய்யும்போது நாம் அவர் போட்ட பாதையில்தான் நடக்கிறோம்.