கேப்டன் டிரைப்பும் என் கிறுக்கலும்



இந்த இதழுக்கு ஒரு வாழ்க்கை வரலாறு எழுதித் தரும்படி தமிழம்மா கேட்டார்கள். காந்தி, பாரதி, அப்துல் கலாம் எல்லாரையும் மற்றவங்க முந்திக்கிட்டாங்க. அதனால் உங்களில் பலருக்குத் தெரியாத ஒருவரைப் பற்றி எழுதப் போகிறேன். புகைப்பட உலகத்தில் அவர் பெரிய ஆள். பெயர் லின்னேயஸ் டிரைப். இறந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. வெள்ளைக்காரரைப் பற்றி நமக்கென்ன என்று அடுத்த தாளுக்குப் போய்விடாதீர்கள். அவர் நம்ம புதுக்கோட்டைக்கு வந்தவர்!

அவரை எனக்குத் தெரிய வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். லீவு நாளில் அண்ணனின் செல்போனை வாங்கிக்கொண்டு சித்தன்னவாசல் மலைக்குப் போனேன். உச்சி வெயில். ஐம்பது படமாவது எடுத்திருப்பேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி சப்பென்று இருந்தது. அவ்வளவு பெரிய பாறை, படத்தில் தோசைக்கல் மாதிரி கெடந்துச்சு! ஓவிய ஆசிரியரிடம் காட்டினேன். சார் சிரித்துவிட்டு, மத்தியானம் நிழலெல்லாம் காலுக்கடியில் போய் ஒளிந்துகொள்ளும், நிழல் இல்லாவிட்டால் கல்லுக்கு மேடும் இல்லை பள்ளமும் இல்லை என்றார். பிறகு டிரைப் எடுத்த படங்களைக் காட்டினார். எல்லாம் கறுப்பு வெள்ளைதான். ஆனால் ஒவ்வொன்றும் கண்ணைப் பிடித்து உள்ளே இழுத்தது. அன்றைக்குத்தான் இந்த மனிதரைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

சிப்பாய் புகைப்படக்காரர் ஆன கதை

லின்னேயஸ் டிரைப் 1822-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் தேதி இங்கிலாந்தின் டெவன்போர்ட் என்னும் துறைமுக ஊரில் பிறந்தார். வீட்டில் பிள்ளைகள் நிறைய. பதினேழு வயது வாக்கில் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் சேர்ந்து கப்பலேறினார்.

1850-களின் தொடக்கத்தில் நீண்ட லீவில் ஊருக்குப் போனவர் அங்கேதான் புகைப்படக் கலையைக் கற்றார். அப்போது அது பிறந்து பத்துப் பதினைந்து வருஷமே ஆன கலை. 1853-இல் லண்டனில் புகைப்படச் சங்கம் தொடங்கியபோது அதில் உறுப்பினர் ஆனார். மறுவருஷம் பெங்களூருக்குத் திரும்பியவர் சும்மா இருக்கவில்லை. சொந்த ஆர்வத்தில் பேளூர், ஹளேபீடு கோயில்களைப் படம் பிடித்தார். 1855-இல் சென்னையில் நடந்த கண்காட்சியில் அந்தப் படங்களுக்கு முதல் தரப் பதக்கம் கிடைத்தது. அதே வருஷம் பர்மா அரசரிடம் போன தூதுக்குழுவோடு அவரையும் அனுப்பினார்கள். அங்கே 200-க்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தார். 1856-இல் சென்னை மாகாணத்தின் அரசுப் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டார்.

1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து புறப்பட்டார். ராயக்கோட்டை, திருச்சி, ஸ்ரீரங்கம், புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் என்று சுற்றி 1858-இல் சென்னை போய்ச் சேர்ந்தார். ஏறக்குறைய நாலரை மாதம்! நமக்கு செல்போன் சட்டைப்பையில் அடங்குகிறது. அவருடைய சாமான்கள் மாட்டுவண்டியில் வந்தன. அவர் அதிகம் பயன்படுத்தியது காகித நெகட்டிவ். மெழுகு ஏற்றிய காகிதத்தில் மருந்து பூசித் தயார் செய்யணும். ஒரு நெகட்டிவ் சுமார் 15 அங்குல நீளம், 12 அங்குல அகலம். அவ்வளவு பெரிய காகிதம் உள்ளே போகிற கேமரா என்றால் எவ்வளவு பெரிசு என்று நினைத்துப் பாருங்கள்! கண்ணிமைக்கும் நேரத்தில் படம் விழாது. கேமராவைத் திறந்து வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். தயார் செய்யும்போதே கெட்டுப்போகும் தாளும் உண்டு. அதனால் அவர் பார்த்ததையெல்லாம் எடுக்க முடியாது. எங்கே நிற்பது, எப்போது திறப்பது என்று யோசித்துத்தான் எடுக்கணும். நான் ஐம்பது படம் எடுத்தேன், ஒரு தடவையும் யோசிக்கவில்லை. வித்தியாசம் அங்கேதான்!

வெளிச்சமும் கோடும்

அவருடைய படங்களில் இரண்டு விஷயங்களைக் கவனிக்கும்படி சார் சொன்னார்.

ஒன்று, வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் நடுவே உள்ள வேறுபாடு. காகித நெகட்டிவில் பொடிப்பொடி விவரம் கண்ணாடியில் விழுகிற அளவுக்குத் துல்லியமாக விழாது. காகிதத்தின் நாரும் சேர்ந்து பதியும். அதனால் பெரிய வெளிச்சம், பெரிய நிழல் என்று பிரித்து வைத்தால்தான் படம் நிற்கும். மதுரை ஒத்தக்கடைப் பக்கம் உள்ள யானைமலையை அவர் எடுத்திருக்கிறார். பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பீர்களே, அதே மலைதான். அன்றைய மருந்துக்கு ஒரு குறையும் இருந்தது. நீல நிறத்தை அது சட்டென்று பிடித்துக்கொள்ளும். அதனால் வானம் முழுக்க வெள்ளையாய் வெளிறிப்போகும். டிரைப் என்ன செய்தார் தெரியுமா? நெகட்டிவ் மேலேயே தூரிகையால் மேகம் வரைந்தார்! மரத்தின் இலைகளையும் தொட்டுத் திருத்தினார். கேமரா கொடுத்ததை அப்படியே வாங்கிக்கொண்டவர் இல்லை அவர்.

இரண்டாவது, கண்ணைக் கூட்டிக்கொண்டு போகிற கோடு. வைகை ஆற்றின் குறுக்கே இருந்த தரைப்பாலத்தை மதுரையில் எடுத்தார். பாலத்தின் கோட்டைப் பிடித்துக்கொண்டு நம் கண் ஆற்றைத் தாண்டி அக்கரைக்கு நடந்தே போய்விடுகிறது. புதுமண்டபத்தின் நடு வழியை எடுத்த படத்தில் தூண் வரிசை இரண்டு பக்கமும் சிறுத்துக்கொண்டே போய்க் கடைசியில் ஒன்றாகச் சேர்கிறது. தட்டையான தாளில் தூரத்தைக் காட்டுவது அந்தக் கோடுகள்தான். நம்ம ஊரிலும் கோட்டுக்குப் பஞ்சமா? வயல் வரப்பு, ரயில் தண்டவாளம், கண்மாய்க் கரை, சித்தன்னவாசல் மலையேறும் படி, எல்லாம் கோடுதான்!

19 அடிப் படம்

டிரைப்பின் வேலைகளில் என்னை அசர வைத்தது தஞ்சாவூர்ப் படம். பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ராஜராஜ சோழன் காலத்துக் கல்வெட்டு ஓடுகிறது அல்லவா? ஒரே படத்தில் அது அடங்காது. டிரைப் கேமராவை நகர்த்தி நகர்த்தி வரிசையாக எடுத்தார். 21 படங்களை ஓரத்தோடு ஓரம் ஒட்டினார். மொத்தம் சுமார் 19 அடி நீளம்! நம் வகுப்பறைக் கரும்பலகையைவிட நீளமாக இருக்கும். அந்தக் கோயிலின் கல்வெட்டுகள் புத்தகமாக அச்சில் வரத் தொடங்கியது 1891-இல்தான். அதற்கு முப்பது வருஷத்துக்கு முன்பே இவர் படமாக எடுத்து வைத்துவிட்டார்.

கல்வெட்டில் மை கிடையாது. பள்ளத்தில் விழும் நிழல்தான் எழுத்து. பக்கவாட்டில் சாய்ந்து வெளிச்சம் விழுந்தால் எழுத்து எழுந்து நிற்கும். நேராக விழுந்தால் மறைந்து போகும். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஒரே வார்த்தையில் முடிந்தது

சென்னைக்குத் திரும்பிய டிரைப், உதவியாளர்களோடு உட்கார்ந்து ஆயிரக்கணக்கில் பிரிண்ட் போட்டார். மதுரைக்கு, தஞ்சைக்கு, திருச்சிக்கு என்று ஊர்வாரியாகத் தொகுப்புகள் வந்தன. நம் புதுக்கோட்டைக்கும் தனித் தொகுப்பு உண்டு. அப்போது இங்கே இராமச்சந்திரத் தொண்டைமான் ஆட்சி.

1859-இல் சார்லஸ் டிரவெலியன் என்பவர் சென்னை மாகாண கவர்னராக வந்தார். இந்தப் புகைப்பட வேலை பெரிய ஆடம்பரம் என்று சொல்லி அதை நிறுத்திவிட்டார். 1860-இல் எல்லாம் மூட்டை கட்டப்பட்டது. அப்போது டிரைப்புக்கு 40 வயதுகூட ஆகவில்லை. அதன் பிறகு பத்து வருஷம் கழித்து மறுபடி பர்மாவில் கொஞ்சம் படங்கள் எடுத்தார். அவ்வளவுதான். 1870-களில் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று, பிறந்த ஊருக்கே போய், 1902 மார்ச் 2-ஆம் தேதி காலமானார். எண்பது வயசை நெருங்கிய வாழ்க்கையில் அவர் முழுமூச்சாகப் படம் எடுத்தது ஐந்தாறு வருஷம்தான்!

அவர் கம்பெனிக்காரர், கம்பெனிக்காகத்தான் எடுத்தார் என்பதும் உண்மை. ஆனால் ஆடம்பரம் என்று ஒதுக்கிய அந்தப் படங்களை 2014, 2015-ஆம் ஆண்டுகளில் வாஷிங்டன், நியூயார்க், லண்டன் நகரங்களின் பெரிய அருங்காட்சியகங்கள் தனிக் கண்காட்சியாகவே வைத்தன. மதுரை 160 வருஷத்துக்கு முன்னே எப்படி இருந்தது என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் இவர் படத்தைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள்.

என் கிறுக்கல்

இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன். சார் சொன்னபடி போன வாரம் சாயங்காலம் மறுபடி சித்தன்னவாசல் போனேன். வெயில் மேற்கே சாய்ந்திருந்தது. படியின் கோடு படத்தின் மூலையில் தொடங்கி மேலே போகிற மாதிரி நின்று எடுத்தேன். பாறையின் ஒரு பக்கம் பளிச், மறு பக்கம் கறுப்பு. மலை மலையாகவே தெரிந்தது! குதிக்காத குறைதான்.

அப்புறம் படியோரம் சரிவாகக் கிடந்த பாறையை எடுத்தேன். வீட்டில் பெரிதாக்கிப் பார்த்தபோது எனக்குப் பகீர் என்றது. சாய்ந்த வெளிச்சத்தில் அந்தப் பாறை முழுக்க எழுத்து எழுந்து நின்றது. எல்லாம் பெயர்கள், இதயப் படங்கள், வருஷங்கள். அதில் ஒரு பெயர் என்னுடையது! ஆறாம் வகுப்புச் சுற்றுலாவில் ஆணியால் நான் கீறியது. உச்சி வெயிலில் எடுத்த ஐம்பது படத்தில் ஒன்றில்கூட அது தெரியவில்லை.

அதே மலையின் ஏழடிப்பட்டத்தில் இரண்டாயிரம் வருஷத்துத் தமிழ் பிராமி எழுத்து இருக்கிறது. சமண முனிவர்கள் படுத்த கல்லில் பொறித்தது. அதுவும் கீறல்தான், என்னுடையதும் கீறல்தான். ஆனால் அதைப் படிக்க அறிஞர்கள் வருகிறார்கள். என்னுடையதைப் பார்த்து யார் என்ன படிப்பார்கள்? அன்றைக்கு ராத்திரி சரியாகத் தூங்கவில்லை.

இன்னொன்றும் தோன்றியது. அறிவர் கோயிலின் தாமரைக் குளம் ஓவியம் வெளியுலகுக்குத் தெரிய வந்தது சுமார் 1920-இல்தான். டிரைப் புதுக்கோட்டைக்கு வந்த 1858-இல் யாராவது அவரை அங்கே கூட்டிப் போயிருந்தால், இன்று நாம் இழந்துவிட்ட எத்தனையோ தாமரையும் மீனும் ஒரு தாளிலாவது மிஞ்சியிருக்கும். போனது போனதுதான். மிச்சம் இருப்பதைக் காப்பது நம் கையில் இருக்கிறது.

சார் உடன் வர, மலையில் இருந்த காவலர் அய்யாவிடம் போய் நடந்ததைச் சொன்னேன். தேய்த்து அழித்துவிடவா என்று கேட்டேன். தேய்த்தால் பாறை இன்னும் கெடும், தொடாதே, உன் கூடப் படிக்கிற பிள்ளைகளிடம் சொல், அது போதும் என்றார். அதனால்தான் நண்பர்களே இதை எழுதுகிறேன்.

வருகிற சுற்றுலாவுக்கு ஆணியைக் கொண்டுவராதீர்கள். வீட்டில் கொடுத்தால் போனைக் கொண்டு வாருங்கள். வெயில் சாயும்வரை பொறுங்கள், ஒரு நல்ல கோட்டைத் தேடி நில்லுங்கள், யோசித்து ஒரே ஒரு படம் எடுங்கள். அதன் கீழே உங்கள் பெயரை எழுதி இந்தச் சுவரில் ஒட்டுவோம். பெயர் எழுத நமக்குத்தான் இந்தச் சுவர் இருக்கிறதே!



– பதினோராம் வகுப்பு மாணவன்